விமான எஞ்சின்: சத்தம் குறைந்தால் சக்தியும் குறையுமா?

கேள்வி: சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் குடியிருக்கிறோம். விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் போனில் பேசுகிறவரை "கொஞ்சம் இருங்க" என்று நிறுத்தி வைப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் சில வருடங்களாகச் சில விமானங்கள் மட்டும் சத்தம் குறைவாகப் போவதைக் கவனிக்கிறேன். பார்த்தால் அதே அளவு விமானம்தான். என் சந்தேகம் இது. பைக்கில் சைலன்ஸர் இருந்தால் கொஞ்சம் சக்தி போகத்தான் செய்யும் என்கிறார் எங்கள் மெக்கானிக். விமான எஞ்சினிலும் அப்படித்தானா? சத்தத்தைக் குறைக்க எதையாவது வைத்தால் சக்தியோ எரிபொருள் சிக்கனமோ அடிவாங்காதா? அடிவாங்கவில்லை என்பதை எப்படிச் சோதித்துப் பார்க்கிறார்கள்? இன்னும் எவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கலாம்?
- ஒரு வாசகர், பொழிச்சலூர்

பதில்: உங்கள் மெக்கானிக் பைக்கைப் பற்றிச் சொன்னது சரி. சிலிண்டரில் எரிந்த புகை ஒரு குழாய் வழியாக வெளியே வருகிறது. சத்தமும் அந்தக் குழாய்க்குள்ளேயே ஓடிவருகிறது. சைலன்ஸர் அதை அறை அறையாகத் திருப்பிவிட்டு அடக்குகிறது. அப்படித் திருப்பும்போது புகை வெளியேறச் சற்றுத் திணறும். அந்தத் திணறலை எஞ்சின்தான் சுமக்கிறது.

ஜெட் எஞ்சினின் பெரிய உறுமல் குழாய்க்குள் இருப்பதில்லை. எஞ்சினிலிருந்து சீறி வரும் காற்று, வெளியே இருக்கும் காற்றோடு மோதிக் கலக்கிற இடத்தில்தான் அது பிறக்கிறது. எஞ்சினுக்குப் பின்னால், வெட்டவெளியில், பல மீட்டர் நீளத்துக்கு. வெட்டவெளிக்குச் சைலன்ஸர் மாட்ட வழியில்லை. ஆகவே விமானப் பொறியாளர்கள் சத்தம் பிறக்கும் காரணத்தையே தேடிப் போக வேண்டியிருந்தது. அதில் கிடைத்த பாடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தத்தை அது பிறக்கும் இடத்தில் தடுத்தால் பெரும்பாலும் எரிபொருளும் மிச்சமாகும். பிறந்த பிறகு அடக்கப் போனால் ஏதாவது ஒரு விலை கொடுத்தே ஆக வேண்டும். எது எந்த வகை என்பதைச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

வேகத்தின் எட்டாம் அடுக்கு

1952-ல் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் காற்றோட்டம் எப்படி ஒலியை உண்டாக்குகிறது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜெட்டின் ஒலித்திறன் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு ஏற்ப வளரும் என்பது அதன் முடிவு. வேகம் இரண்டு மடங்கானால் ஒலித்திறன் 256 மடங்காகும். வேகத்தைப் பாதியாக்கினால் அதே கணக்கில் இறங்கும்.

சரி, வேகத்தைக் குறைத்தால் உந்துவிசை குறையாதா? அங்கேதான் இயற்கை நமக்கு ஒரு சலுகை வைத்திருக்கிறது. விநாடிக்கு 1 கிலோ காற்றை 600 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும், 2 கிலோ காற்றை 300 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் நிற்கும் எஞ்சினுக்குக் கிடைக்கும் உந்துவிசை ஒன்றுதான்: 600 நியூட்டன். ஆனால் முதல் வழிக்கு விநாடிக்கு 1,80,000 ஜூல் ஆற்றல் வேண்டும், இரண்டாவதற்கு 90,000 போதும். பாதிச் செலவு. சத்தமோ, காற்று வெளியேறும் வாயின் பரப்பு நான்கு மடங்காகிவிட்டதையும் கணக்கில் சேர்த்தால்கூட, 64-ல் ஒரு பங்காகிறது. டெசிபலில் சொன்னால் 18 குறைவு. 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும். இது ஏட்டுக் கணக்கு. நிஜ எஞ்சினில் இவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் திசை இதுதான்: நிறையக் காற்று, குறைந்த வேகம்.

இன்றைய எஞ்சினின் முகப்பில் தெரியும் பெரிய விசிறி இதற்காகத்தான். அது உள்ளிழுக்கும் காற்றில் சிறு பங்குதான் நடுவிலிருக்கும் எரிகூடத்துக்குப் போகிறது. மீதி அதைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகிறது. சுற்றிப் போவதற்கும் உள்ளே போவதற்கும் உள்ள விகிதத்தைப் பைபாஸ் விகிதம் என்பார்கள். ஐம்பதுகளின் ஜெட்டுகளில் அது பூஜ்யம். 1970-ல் சேவைக்கு வந்த போயிங் 747-ல் சுமார் 5. இன்றைய ஏ320நியோவின் பிராட் அண்ட் விட்னி எஞ்சினில் சுமார் 12. நீங்கள் கவனித்த, சத்தம் குறைந்த, "அதே அளவு விமானம்" பெரும்பாலும் இந்த நியோவாக இருக்கும். 2016 மார்ச்சில் இண்டிகோ இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. உடல் அளவு பழைய ஏ320 போலவே இருந்தாலும் எஞ்சினைப் பாருங்கள்: பழையதில் விசிறியின் விட்டம் 1.73 மீட்டர், புதியதில் 2.06 மீட்டர். பழையதைவிடச் சுமார் 15 சதவீதம் குறைந்த எரிபொருளில் பறக்கிறது. சத்தமும் செலவும் சேர்ந்தே இறங்கியதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

பழைய சைலன்ஸர்கள் பட்ட பாடு

விமானத்துக்குச் சைலன்ஸர் வைத்துப் பார்க்காமலும் இல்லை. போயிங் 707 வந்த 1958-ல், நியூயார்க் விமான நிலையங்களை நடத்திய துறைமுக ஆணையம் ஜெட் விமானங்களுக்கு ஒலி வரம்பு விதித்தது. அதற்குள் அடங்கவே, வெளியேறும் ஒரே பெரிய ஜெட்டைப் பல சிறு ஜெட்டுகளாகப் பிரிக்கும் குழாய்க் கொத்துகளை எஞ்சினின் பின்வாயில் மாட்டினார்கள். பிரிட்டனில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் ஓரத்தை மடிப்பு மடிப்பாக அலையவிட்ட வாயை உருவாக்கியது. இரண்டும் சத்தத்தைக் குறைத்தன. கூடவே எடையைக் கூட்டின, உந்துவிசையைத் தின்றன, எரிபொருளையும் அதிகம் குடிக்கவைத்தன. உங்கள் மெக்கானிக் சொன்னது அப்படியே நடந்தது.

1961-ல் 707-க்கு விசிறி வைத்த எஞ்சின் வந்ததும் அந்தக் குழாய்க் கொத்துகள் போய்விட்டன. உந்துவிசை கூடியது, எரிபொருள் குறைந்தது, உறுமலும் தணிந்தது. ஆனால் தரையிறங்கும்போது விசிறியின் கீச்சொலி புதிய புகாராகக் கிளம்பியது. இந்தத் துறையில் இது ஓயாமல் நடக்கிற கதை. ஒரு சத்தத்தை அடக்கினால் அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த இன்னொன்று மேலே வரும்.

விசிறியின் ஓசை

விசிறிக்குப் பின்னால் அசையாத தகடுகள் வரிசையாக நிற்கின்றன. சுழன்று வரும் காற்றை நேராக்குவது அவற்றின் வேலை. ஒவ்வொரு விசிறி இறக்கையும் தனக்குப் பின்னால் ஒரு கலங்கிய தடத்தை விட்டுப்போகிறது. அந்தத் தடம் தகட்டில் மோதும் ஒவ்வொரு முறையும் காற்று அதிர்கிறது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான மோதல்கள் சீராக நடந்தால் காதில் விழுவது ஒரு கூர்மையான சுருதி.

1962-ல் பிராட் அண்ட் விட்னியின் டைலர், சோஃப்ரின் என்ற இருவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தகடுகளின் எண்ணிக்கையை இறக்கைகளைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வைத்தால், அந்தச் சுருதியின் அடிப்படை அலை குழாய்க்குள்ளேயே தேய்ந்து மடிந்துவிடும், வெளியே வராது. ஒரு எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும், சத்தம் பிறந்த இடத்திலேயே அடங்கும். எடை கூடும் என்பதைத் தவிரப் பெரிய விலை இல்லை.

மிஞ்சுகிற ஓசையை எஞ்சின் உறையின் உட்சுவர் உறிஞ்சுகிறது. விமானத்தில் ஏறும்போது எஞ்சின் வாயின் உட்புறத்தைக் கவனித்தால், நுண்ணிய துளைகள் நிறைந்த தகடு தெரியும். அதற்குப் பின்னால் தேன்கூட்டு அறைகள், அவற்றுக்குப் பின்னால் கெட்டியான தகடு. துளை வழியே உள்ளே போகும் ஒலி அறைக்குள் எதிரொலித்துத் திரும்பி வரும்போது, புதிதாக உள்ளே வரும் ஒலியை எதிர்த்து ஆற்றலை இழக்கிறது. அறையின் ஆழம் ஒலியின் அலைநீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு இருக்க வேண்டும். 2,000 ஹெர்ட்ஸ் கீச்சொலிக்கு 4 சென்டிமீட்டர் ஆழம் போதும். 200 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு 40 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். அவ்வளவு தடித்த உறையோடு எந்த விமானமும் பறக்காது. விசிறியின் கீச்சொலிக்கு இந்தச் சுவர் சரியான மருந்து, ஆழ்ந்த உறுமலுக்கு உதவாது. இதற்கும் ஒரு விலை உண்டு. துளைத்த பரப்பு வழவழப்பான பரப்பைவிடக் காற்றைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திழுக்கும். அந்த இழுவையைக் குறைக்கத் துளைகளின் வடிவத்தையும் திசையையும் மாற்றிப் பார்க்கும் ஆய்வு நாசாவில் நடந்துவருகிறது.

சோதனை எப்படி நடக்கிறது?

உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி இது. ஒரு யோசனை பறக்கும் விமானத்தை எட்டுமுன் கணினி, சிறு மாதிரி, முழு எஞ்சின், விமானம் என்று படிப்படியாகத் தேர்ச்சி பெற வேண்டும்.

சிறு மாதிரிச் சோதனைக்கு நாசாவின் கிளென் ஆய்வு மையம் பெயர் பெற்றது. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் இருக்கிறது. அங்கே ஜெட் ஒலியை அளப்பதற்கென்றே சுமார் 20 மீட்டர் உயரமுள்ள ஓர் அரைக்கோளக் கூடம் உண்டு. சுவர் முழுக்கக் கண்ணாடி இழையாலான ஆப்புகள் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் பட்ட ஒலி திரும்பி வந்து அளவைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மாதிரியைச் சுற்றிலும் வேறொரு காற்றோட்டத்தை அனுப்பி, விமானம் முன்னோக்கிப் பறக்கும் நிலைமையை உண்டாக்குகிறார்கள்.

மாதிரி சிறிதானால் ஒலியின் சுருதி ஏறும். ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியில், நிஜ எஞ்சினின் 10,000 ஹெர்ட்ஸ் ஓசை 50,000 ஹெர்ட்ஸாக வெளிப்படும். மனிதக் காதுக்கு அது கேட்கவே கேட்காது. அதைப் பிடிக்கத் தனி மைக்குகள் வேண்டும். போதாததற்கு, இவ்வளவு உயர்ந்த சுருதியைக் காற்றே பாதி வழியில் விழுங்கிவிடும். அன்றைய வெப்பத்தையும் ஈரத்தையும் குறித்துவைத்து, விழுங்கப்பட்டதைக் கணக்கில் திருப்பிச் சேர்க்க வேண்டும்.

விசிறிக்குக் கிளென் மையத்தில் வேறொரு காற்றுச் சுரங்கம் இருக்கிறது. 1990களின் இறுதியில் அங்கே நடந்த ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். விசிறியின் விட்டம் 56 சென்டிமீட்டர், இறக்கைகள் 22. பின்னால் நிற்கும் தகடுகளை மட்டும் மூன்று விதமாக மாற்றிப் பார்த்தார்கள். முதலில் 54 நேரான தகடுகள். டைலர்-சோஃப்ரின் விதிப்படி அடிப்படைச் சுருதி அடங்கியது. அடுத்து 26 நேரான தகடுகள். தகடுகள் குறைந்ததால் மோதல் குறைந்து, பரவலான இரைச்சல் தணிந்தது. ஆனால் விதி மீறப்பட்டதால் சுருதி திரும்ப வந்தது. மூன்றாவதாக அதே 26 தகடுகளைப் பின்னோக்கிச் சாய்த்து வைத்தார்கள். இறக்கையின் தடம் இப்போது தகட்டின் முழு நீளத்திலும் ஒரே கணத்தில் மோதாமல், மேலும் கீழும் முன்பின்னாக மோதியது. சுருதியும் குறைந்தது, இரைச்சலும் குறைந்தது. விசிறியின் ஓசை எவ்வளவு, தகடுகளின் ஓசை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, தகடுகளை முற்றிலும் எடுத்துவிட்டு, உறையை வெளியிலிருந்து தாங்கிப் பிடித்து, விசிறியை மட்டும் சுழலவிட்டும் அளந்தார்கள்.

இதே சோதனை வரிசையில் விசிறியின் செயல்திறனும் அளக்கப்பட்டது. காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கச் சிறு குழாய்களைச் சீப்புப்போல் வரிசையாக அடுக்கிய கருவிகளை உள்ளே நிறுத்துவார்கள். சிக்கல் என்னவென்றால் அந்தக் கருவிகளே காற்றைக் கலக்கிச் சத்தம் போடும். அதனால் செயல்திறனை அளக்க ஒரு ஓட்டம், கருவிகளைக் கழற்றிவிட்டு ஒலியை அளக்க இன்னொரு ஓட்டம். எந்திரம் ஒன்றுதான், அளவுகள் இரண்டு.

ஒப்பிடும் முறையில் பெரிய பொறி ஒன்று ஒளிந்திருக்கிறது. புதிய பாகத்தை மாட்டி, எஞ்சினைப் பழைய சுழல்வேகத்திலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு "சத்தம் குறைந்தது" என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பாகம் ஜெட்டின் வேகத்தை 1 சதவீதம் குறைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் அடுக்கு விதிப்படி சத்தம் சுமார் 0.35 டெசிபல் இறங்கும். கூடவே உந்துவிசையும் ஏறத்தாழ 2 சதவீதம் இறங்கியிருக்கும். எஞ்சின் குறைவாக உழைத்ததால் வந்த அமைதி அது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எனவே ஒப்பீடு எப்போதும் சம உந்துவிசையில் நடக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்தோம் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, உந்துவிசை சமமா என்பதைத்தான்.

அடுத்த படி, முழு எஞ்சினைத் திறந்தவெளி மேடையில் ஓட்டுவது. அங்கே எடுத்த படங்களில் எஞ்சினின் வாய்க்கு முன்னால் ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு பெரிய கோளத் திரை நிற்பதைப் பார்க்கலாம். நிற்கும் எஞ்சின் சுற்றுப்புறக் காற்றின் சுழல்களை உறிஞ்சி நீட்டி இழுக்கிறது. நீண்ட அந்தச் சுழலை இறக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டும்போது, பறக்கையில் இல்லாத ஒரு பொய்ச் சுருதி எழும். கோளத் திரை அந்தச் சுழல்களை உடைத்துப்போட்டுக் காற்றைச் சீராக்கித் தருகிறது.

கடைசியில் விமானமே பறந்து காட்ட வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி மூன்று இடங்களில் மைக் வைக்கிறார்கள். ஓடுபாதையின் பக்கவாட்டில் 450 மீட்டர் தள்ளி ஒன்று, ஓட்டம் தொடங்கிய இடத்திலிருந்து 6,500 மீட்டரில் ஒன்று, இறங்கும் வழியில் ஓடுபாதை முனைக்கு 2,000 மீட்டர் முன்னால் ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது ஆறு சரியான அளவுகள் கிடைக்கும் வரை திரும்பத் திரும்பப் பறக்க வேண்டும். வெறும் ஒலி அளவை மட்டும் பார்ப்பதில்லை. எந்தச் சுருதி காதை அதிகம் உறுத்தும், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் சேர்த்து ஒரே எண்ணாக்குகிறார்கள்.

அந்த 6,500 மீட்டர் மைக் மிக நியாயமான நீதிபதி. உந்துவிசை குறைந்த விமானம் மெதுவாக மேலேறும். மைக்கைத் தாண்டும்போது தாழ்வாகவே இருக்கும். தாழ்வாக இருந்தால் சத்தம் அதிகம் கேட்கும். சக்தியை விற்று வாங்கிய அமைதி, ஊருக்கு மேல் வரும்போது சத்தமாகவே திரும்பிவிடும்.

பற்கள் வைத்த எஞ்சின்

போயிங் 787-ன் எஞ்சின் உறையின் பின்விளிம்பைப் பார்த்திருக்கிறீர்களா? முக்கோணப் பற்களாக வெட்டியிருக்கும். செவ்ரான் என்பார்கள். ஒவ்வொரு பல்லும் காற்றில் ஒரு சிறு சுழலை உண்டாக்கி, வெளியேறும் காற்றும் வெளிக்காற்றும் சீக்கிரமாக, சிறுசிறு அளவில் கலந்துவிட வழிசெய்கிறது. பெரிய கலக்கல் எழுப்பும் ஆழ்ந்த உறுமல் குறைகிறது. பல்லின் நுனி காற்றுக்குள் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் வளைந்தால் உறுமல் தணியும். அதிகம் வளைந்தால் உயர்ந்த சுருதி இரைச்சல் ஏறும், உந்துவிசையும் கசியும்.

இழப்பு 1 சதவீதத்தைவிட மிகக் குறைவு. ஆனாலும் ஒரு நீண்ட பயணத்தில் 100 டன் எரிபொருள் எரிக்கும் விமானத்தில் கால் சதவீதம் என்றால் 250 கிலோ. தினமும், ஒவ்வொரு பயணத்திலும். உறுமல் குறைய வேண்டியது புறப்படும் சில நிமிடங்களுக்குத்தான், விலையோ பத்து மணி நேரத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். இந்த முரணைத் தீர்க்க ஓர் அழகான சோதனை நடந்தது. 2005 ஆகஸ்டில் போயிங், ஜெனரல் எலெக்ட்ரிக், குட்ரிச், நாசா, ஜப்பானின் ஏ.என்.ஏ. ஆகியவை சேர்ந்து ஒரு போயிங் 777-300இ.ஆர். விமானத்தை மான்டனா மாநிலத்தில் கிளாஸ்கோ ஊருக்கு அருகிலுள்ள சோதனைத் தளத்துக்குக் கொண்டுபோயின. பழைய விமானப்படைத் தளம் அது. சுற்றிலும் வேறு சத்தமே இல்லாத சமவெளி. அங்கே பறந்த பற்களில் ஒரு வகை, நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகத்தின் துணையோடு இயங்கியது. சூடானால் உலோகம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிப் பல்லை உள்நோக்கி வளைக்கும். குளிர்ந்தால் பல் நிமிரும். தரைக்கு அருகே வளைந்த பல், உறைய வைக்கும் உயரத்தில் நேரான பல். மோட்டாரும் இல்லை, நெம்புகோலும் இல்லை.

அது வேலை செய்தது. ஆனாலும் சேவைக்கு வந்த எஞ்சின்கள் அசையாத பற்களையே எடுத்துக்கொண்டன. 787-ல் அசையாத பல் தன் விலையை வேறு வழியில் ஈடுகட்டியது: பறக்கும் உயரத்தில் பயணிகள் அறைக்குள் வரும் இரைச்சல் குறைந்ததால், சுவருக்குள் திணிக்கும் ஒலித்தடுப்புப் பொருளின் எடையைக் குறைக்க முடிந்தது. பின்னர் வடிவமைத்த 777எக்ஸ் விமானத்தின் எஞ்சின் உறையிலோ பற்களே இல்லை. விசிறி பெரிதாகி ஜெட்டின் வேகம் குறையக் குறைய, பல்லால் கிடைக்கும் லாபம் சுருங்கும், விலை மட்டும் குறையாது. ஒரு தலைமுறை எஞ்சினுக்குச் சரியான விடை அடுத்த தலைமுறைக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக அளந்தே ஆக வேண்டும்.

பல்சக்கரமும் நுரை உலோகமும்

விசிறியைப் பெரிதாக்குவதிலும் ஒரு இடர் உண்டு. அதே சுழல்வேகத்தில் இறக்கையின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். தாண்டினால் ஒவ்வொரு நுனியிலும் அதிர்ச்சி அலை பிறக்கும். புறப்படும்போது முன்வரிசைப் பயணிகளுக்குக் கேட்கும் அறுப்பது போன்ற ஓசை அதுதான். விசிறியை மெதுவாகச் சுழற்ற வேண்டும், ஆனால் அதை இயக்கும் டர்பைன் வேகமாகச் சுழன்றால்தான் திறமையாக வேலை செய்யும். இரண்டும் ஒரே தண்டில் இருந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பிராட் அண்ட் விட்னி நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டியை வைத்தது. டர்பைன் மூன்று சுற்றுச் சுற்றினால் விசிறி ஒரு சுற்று. விசிறிக்கு அமைதி, டர்பைனுக்குத் திறன். டர்பைனின் ஓசையும் மிக உயர்ந்த சுருதிக்குப் போய்க் காற்றிலேயே தேய்ந்துவிடுகிறது. 2023-ல் இந்த எஞ்சின்களில் பல தரையிறக்கப்பட்டதைப் படித்திருப்பீர்கள். அந்தக் குறை உள்ளே சுழலும் வட்டுகளுக்கான உலோகப் பொடியில் கலந்த மாசிலிருந்து வந்தது. பல்சக்கரம் அதற்குக் காரணமில்லை.

எல்லா யோசனையும் இப்படி ஜெயிப்பதில்லை. ஒலி உறிஞ்சும் பொருளை விசிறி நுனிக்கு நேர் மேலேயே, அதாவது சத்தம் பிறக்கும் இடத்திலேயே வைத்தால் என்ன என்று நாசா நுரைபோல் துளைகள் நிறைந்த உலோகப் பட்டையை ஒரு சிறு ஜெட் எஞ்சினில் பொருத்திப் பார்த்தது. சத்தம் குறைந்தது. ஆனால் அந்த இடத்தில் இறக்கை நுனிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி மிக நுட்பமானது. அங்கே துளையுள்ள பரப்பு வந்தால் காற்று கசிந்து விசிறியின் திறன் குறையும். ஒலியை மட்டும் அளந்திருந்தால் இதை வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்.

இனி எவ்வளவு குறையும்?

அடுத்த பெரிய தாவல் உறையே இல்லாத திறந்த விசிறி. உறை இல்லையென்றால் விசிறியை இன்னும் பெரிதாக்கலாம். ஆனால் ஒலியை உறிஞ்சும் சுவரும் போய்விடும். ஜெனரல் எலெக்ட்ரிக் 1986-ல் இதைப் போயிங் 727-ல் மாட்டிப் பறந்து காட்டியது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு வரிசைகள், வரிசைக்கு 8 இறக்கைகள். முன்னிறக்கைகளின் தடங்கள் எல்லாம் பின்னிறக்கைகளில் ஒரே நேரத்தில் மோதின. பிறகு முன்வரிசையை 10 ஆக்கி, பின்னால் 8-ஐ வைத்து அந்த ஒற்றுமையைக் கலைத்தார்கள். எரிபொருள் நன்றாக மிச்சமானது. ஆனால் எண்ணெய் விலை சரிந்ததும் ஆர்வமும் சரிந்தது. இப்போது சி.எஃப்.எம். நிறுவனம் 2021-ல் தொடங்கிய ரைஸ் திட்டத்தில் ஒரு வரிசைதான் சுழல்கிறது, பின்வரிசை அசையாமல் நிற்கிறது. எரிபொருளில் 20 சதவீதம் மிச்சம் என்பது இலக்கு. சத்தத்தில் இன்றைய கடுமையான வரம்புக்குள் அடங்குமா என்பதை முழு அளவுப் பறப்புச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

இறங்கும் விமானத்தில் எஞ்சின் ஏற்கெனவே பெரும்பாலும் அமைதி. அங்கே கேட்பது இறக்கை மடிப்புகளிலும் சக்கரங்களிலும் காற்று மோதும் ஓசை. ஏ320 குடும்ப விமானங்களின் இறக்கைக்கு அடியில், எரிபொருள் தொட்டிக்கான வட்டத் துளைகள் உண்டு. காற்று அவற்றின் மேல் ஓடும்போது விசிலடிக்கும். லுஃப்தான்சா 2014 முதல் அந்தத் துளைகளுக்கு முன்னால் கையளவு உலோகத் துண்டை ஒட்டிக் காற்றைச் சற்றுக் கலைத்துவிட்டது. தரையில் 4 டெசிபல் வரை குறைந்தது. இவ்வளவு சிறிய செலவில் கிடைக்கும் அமைதியை எந்த விமான நிறுவனமும் தள்ளிப்போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் வீட்டுக்கு இந்த அமைதி எப்போது வரும்? விமானம் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். பழையது போய்ப் புதியது வரும் வேகத்தில்தான் அமைதி வரும். அதற்குள் விமானங்களின் எண்ணிக்கை கூடிவிடவும் செய்யும். எனவே எஞ்சினை மட்டும் நம்பியிருக்க முடியாது. இரவு நேர இயக்கம், இறங்கும் முறை, ஓடுபாதையைச் சுற்றி எங்கே வீடு கட்ட அனுமதிப்பது என்பவையும் சேர வேண்டும். இரவில் தூங்குவதும் பிள்ளைகள் தடையில்லாமல் படிப்பதும் அங்கே குடியிருப்பவர்களின் உரிமை. அதைச் சலுகைபோல் கேட்க வேண்டியதில்லை.

கேட்கும்போது எண்களைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. "75 சதவீதம் அமைதி" என்ற விளம்பரத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அது குறிப்பிட்ட சத்தம் கேட்கும் நிலப்பரப்பு அவ்வளவு சுருங்கியதைச் சொல்கிறது. காதில் விழும் சத்தம் முக்கால் பங்கு குறைந்ததாக அதற்கு அர்த்தமில்லை. "வரம்பைவிட 18 டெசிபல் கீழே" என்றால் அது மூன்று மைக்குகளின் கூட்டு. ஓர் இடத்துக்குச் சராசரி 6-தான். அதனால் அடுத்த முறை யாராவது அமைதியான விமானம் என்று சொன்னால், எந்த இடத்தில் அளந்தது, உந்துவிசை சமமாக இருந்ததா, எரிபொருள் எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்த அமைதி நிஜமானது.